ஆளைக் குறைக்க வந்த துப்பாக்கி

1722இல் லண்டனில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், முக்காலியின் மேல் பொருத்திய ஒரு துப்பாக்கி ஏழு நிமிடத்தில் 63 முறை சுட்டுக் காட்டப்பட்டது. நல்ல பயிற்சி பெற்ற சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிது என்றிருந்த காலம் அது. மழை வந்தால் மருந்து நனைந்து அந்த மூன்றும் போய்விடும். கருவியை உருவாக்கிய ஜேம்ஸ் பக்கிள் ஒரு வழக்கறிஞர். 1718இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கிறிஸ்தவ எதிரிகளுக்கு உருண்டைக் குண்டு, துருக்கியருக்குச் சதுரக் குண்டு என்று காப்புரிமைத் தாளிலேயே வகை பிரித்திருந்தார். கருவியை விற்க ஒரு கம்பெனி தொடங்கிப் பங்குகளும் வெளியிட்டார். கருவியை வாங்கத்தான் ஏறக்குறைய ஆளில்லை. இந்த இயந்திரத்தால் காயம்பட்டவர்கள் இதன் பங்குகளை வாங்கியவர்கள் மட்டுமே என்று அன்றைய பத்திரிகை ஒன்று கேலி செய்தது.

பக்கிளிடம் யோசனை இருந்தது. மூன்று விஷயங்கள் இல்லை: இயந்திரத்துக்கு ஊட்டத்தக்க தோட்டா, ஒன்றுபோல் ஒன்றாக உலோகத்தைக் கடையும் பட்டறை, பணம் கொடுத்து வாங்கும் அரசு. முதல் இரண்டும் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மூன்றாவதைத் தேடிப் பிடிக்கத் தனி வியாபாரக் கலையே பிறந்தது. அந்த வியாபாரிகள் அரசுகளிடம் சொன்ன வாதம் எளிமையானது: இது ஆள் செலவை மிச்சப்படுத்தும் இயந்திரம்.

பித்தளையின் உதவி

பழைய துப்பாக்கியில் மருந்து தனி, குண்டு தனி, பற்றவைக்கும் பொறி தனி. இவற்றை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்துவதற்கு மனிதக் கையும் மனிதப் பொறுமையும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இவை அனைத்தும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கின. அடியில் தட்டினால் தீப்பொறி, நடுவில் மருந்து, தலையில் குண்டு. நாம் இன்று தோட்டா என்று அறிவது இதைத்தான்.

கூட்டுக்குப் பித்தளை தோதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. மருந்து எரிந்து வாயு அழுத்தம் எழும்போது கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, குழலின் உட்சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால் வாயு பின்பக்கம் கசியாது. முழு வேகமும் குண்டின் மேல் பாயும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் கூடு சற்றே சுருங்கும். ஒரு கொக்கி மாட்டி இழுத்தால் வந்துவிடும். அடைப்பது, விடுவது என்ற இரண்டு வேலைகளையும் அந்த உலோகமே பார்த்துக்கொள்கிறது. எல்லாத் தோட்டாவும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்று ஆனபின், அவற்றை எடுத்து ஊட்ட மனிதக் கைதான் வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று.

விதை தூவியவர்

தோட்டா ஊட்ட மனிதக் கை வேண்டாம் என்பதைச் சரியான நேரத்தில் கண்டுகொண்டவர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் பிறந்த ரிச்சர்ட் கேட்லிங். மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் வைத்தியம் பார்த்ததில்லை. வயலில் வரிசையாக விதை தூவும் இயந்திரங்களைச் செய்து விற்றுப் பணம் சம்பாதித்தவர். பெட்டியிலிருந்து விதை தன் எடையாலேயே கீழிறங்கும். சக்கரம் சுழல, அளவாக மண்ணில் விழும். 1862 நவம்பரில் அவர் காப்புரிமை பெற்ற துப்பாக்கியிலும் தோட்டாக்கள் மேலிருந்த பெட்டியிலிருந்து இப்படித்தான் இறங்கின. கைப்பிடியைச் சுழற்றினால் குழல்களின் கொத்து சுற்றும். ஒவ்வொரு குழலும் ஓரிடத்தில் தோட்டாவை வாங்கி, இன்னோரிடத்தில் சுட்டு, மற்றோரிடத்தில் வெறும் கூட்டை உதிர்த்துவிடும். பல குழல்கள் முறைவைத்துச் சுடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஆறுவதற்குச் சற்று நேரம் கிடைக்கும், வெப்பம் பங்கிடப்படும். நிமிடத்துக்கு 200 முறை சுடக்கூடிய கருவி உருவாயிற்று.

அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலம். இந்தக் கருவியை ஏன் கண்டுபிடித்தேன் என்று கேட்லிங் 1877இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். போர்முனையிலிருந்து ரயிலில் வந்த பிணங்களில் பெரும்பாலானவை குண்டடிபட்டவை அல்ல, நோயால் மாண்டவை என்பதைக் கவனித்தாராம். நூறு பேர் செய்வதை ஒருவர் செய்யும் கருவி இருந்தால் படைகள் சிறுத்துவிடும். படை சிறுத்தால் போரில் சாவதும் நோயில் சாவதும் குறையும் என்று கணக்கிட்டாராம். அவர் பார்த்தது உண்மைதான். அந்தப் போரில் இறந்த சிப்பாய்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொண்டுபோனவை வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பிற நோய்களும். அதிலிருந்து அவர் வந்துசேர்ந்த முடிவு சரியா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

விற்பனை எளிதாக நடக்கவில்லை. சின்சினாட்டியில் முதலில் செய்த ஆறு துப்பாக்கிகளும் தொழிற்சாலையில் பற்றிய தீயில் போயின. அதற்குப் பிறகு செய்தவற்றில் பன்னிரண்டை ஜெனரல் பெஞ்சமின் பட்லர் ஒன்று 1,000 டாலர் வீதம் வாங்கினார். அமெரிக்க இராணுவம் முறைப்படி ஏற்றுக்கொண்டது போர் முடிந்தபின், 1866இல். பிறகு கோல்ட் கம்பெனி தயாரிப்பை ஏற்றது. ரஷ்யாவும் துருக்கியும் பிரிட்டனும் வாங்கின.

பிரான்ஸ் தன் வழியில் போனது. 25 குழல்களைக் கட்டாகச் சேர்த்த மித்ராயூஸ் என்ற கருவியை மூன்றாம் நெப்போலியனின் அரசு பரம ரகசியமாகச் செய்து வைத்தது. ரகசியம் எவ்வளவு கெட்டியாகக் காக்கப்பட்டதென்றால், அதைப் பயன்படுத்த வேண்டிய வீரர்களுக்கே போதிய பயிற்சி கிடைக்கவில்லை. 1870இல் பிரஷ்யாவோடு போர் மூண்டபோது அதைப் பீரங்கிபோல் தொலைவில் வைத்துச் சுட்டார்கள். பிரஷ்யரின் க்ரூப் ஆலைப் பீரங்கிகள் அதைவிடத் தொலைவிலிருந்து அடித்து நொறுக்கின. தோல்வி பயன்படுத்திய முறையில் இருந்தது. ஐரோப்பிய இராணுவ அதிகாரிகள் பலர் அதைக் கருவியின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வீணாய்ப் போன உதை

கேட்லிங்கும் மித்ராயூஸும் கையால் சுற்றப்பட்டவை. பதற்றத்தில் கை வேகமாகச் சுற்றினால் தோட்டா சிக்கும். சுற்றுபவர் விழுந்தால் கருவி ஓய்ந்துவிடும். அந்தக் கையையும் தேவையில்லாமல் செய்தவர் ஹிரம் மாக்சிம்.

1840இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்த மாக்சிம், மின்விளக்குத் தொழிலில் எடிசனோடு மோதியவர். 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்காகக் கடல் தாண்டி வந்தார். ஐரோப்பியர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் இன்னும் சுலபமாக அறுத்துக்கொள்ள ஒரு கருவி செய், பணம் கொட்டும் என்று ஓர் அமெரிக்க நண்பர் வியன்னாவில் தனக்கு யோசனை சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். லண்டனில் வைர வியாபாரிகள் நிறைந்த ஹேட்டன் கார்டன் தெருவில் பட்டறை போட்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் கவனித்தது துப்பாக்கி சுட்ட எவரும் தோளில் உணர்ந்த ஒன்று: சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். குண்டு முன்னே எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும் என்பது நியூட்டனின் விதி. அக்கால பிரிட்டிஷ் ரைபிளின் குண்டு 31 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர். துப்பாக்கி நான்கு கிலோ என்று கொண்டால் அது நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேலான வேகத்தில் தோளை இடிக்கும். ஆற்றலாகப் பார்த்தால் இது அற்பம். குண்டு கொண்டுபோகும் ஆற்றல் ஏறக்குறைய 2,500 ஜூல். துப்பாக்கியின் உதையில் இருப்பது 20 ஜூல் அளவு, அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வெறும் கூட்டை வெளியே இழுக்கவும் அடுத்த தோட்டாவை ஊட்டவும் அது தாராளமாகப் போதும். அதுவரை தோளைக் கன்றவைத்து வீணாகிக்கொண்டிருந்த அந்த மிச்சத்தை மாக்சிம் வேலைக்கு வைத்தார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குண்டு குழலுக்குள் இருக்கும்போதே பின்வாய் திறந்துவிட்டால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தில் பீறிடும். ஆகவே முதலில் குழலும் பின்வாய்ப் பூட்டும் ஒன்றாகப் பிணைந்தபடியே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகரும்படி செய்தார். அதற்குள் குண்டு வெளியே போய் அழுத்தம் தணிந்துவிடும். பூட்டு மனித முழங்கால் போல வேலை செய்தது. நேராக நீட்டிய கால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். முழங்காலின் பின்புறம் லேசாகத் தட்டினால் சட்டென்று மடங்கிவிடும். குழல் நகர்ந்து முடியும் இடத்தில் ஒரு முனை இடித்துப் பூட்டை மடக்கும், குழல் நின்றுவிடும், பூட்டு மட்டும் மேலும் பின்னால் போகும். போகும்போது குழலிலிருந்து வெறும் கூட்டையும் துணிப்பட்டையிலிருந்து புதுத் தோட்டாவையும் ஒரே சமயத்தில் இழுத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள சுருள்வில் முறுக்கேறி உதையின் ஆற்றலைச் சேமிக்கும். பிறகு எல்லாவற்றையும் முன்னே தள்ளிப் புதுத் தோட்டாவைக் குழலுக்குள் பொருத்தும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இது நொடிக்குப் பத்து முறை, நிமிடத்துக்கு 600 முறை நடக்கும்.

கொதிக்கும் நீர், புகையில்லா மருந்து

ஒரே குழல் நிமிடத்துக்கு 600 முறை சுட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். மாக்சிம் குழலைச் சுற்றி நீர் நிரம்பிய உறை போட்டார். அவர் வடிவத்திலிருந்து வந்த விக்கர்ஸ் துப்பாக்கியின் உறையில் ஏறக்குறைய நான்கு லிட்டர் பிடிக்கும். தொடர்ந்து சுட்டால் 600 தோட்டா அளவில் நீர் கொதிக்கத் தொடங்கும். 20 டிகிரியில் இருக்கும் நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 1,340 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு தோட்டாவும் இரண்டு கிலோஜூலுக்குச் சற்று மேலாகக் குழலுக்குத் தருகிறது. குண்டோடு போவதற்குக் கிட்டத்தட்டச் சமமான ஆற்றல் இரும்பைச் சூடாக்கவே செலவாகிறது.

கொதித்தபின்தான் நீர் தன் உண்மையான உதவியைச் செய்கிறது. கொதிக்கும் ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதுவரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் ஒரு லிட்டர் நீர் ஆயிரம் தோட்டாவின் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். நீர் ஊற்ற ஆள் இருக்கும்வரை துப்பாக்கி ஓயாது. வெளியேறும் நீராவி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்ததால், பின்னாளில் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதைத் தகர டப்பாவுக்குள் விட்டுக் குளிரவைத்து மறுபடி நீராக்கினார்கள்.

பகைவருக்குக் காட்டிக்கொடுத்த இன்னொன்று புகை. பழைய கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாகாது. திடத் துகளாகவே தங்கும். அதுதான் வெண்புகை; அதுதான் குழலுக்குள் படியும் கசடு. 600 தோட்டாவின் புகைக்குள் இலக்கே தெரியாது. கசடு இயந்திரத்தைச் சிக்கவைக்கும். 1884இல் பிரான்ஸில் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபலின் பாலிஸ்டைட் வந்தது. 1889இல் பிரிட்டனின் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் அசிட்டோன் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சம் வாசலினும் சேர்த்து, மெல்லிய இழைகளாகப் பிழிந்தெடுத்ததே கார்டைட். அது முழுவதும் வாயுவாக எரிந்தது. உதையும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. உதையை நம்பி ஓடும் இயந்திரத்துக்கு இந்த ஒழுங்குதான் உயிர். பிரிட்டிஷ் இந்தியாவின் தேவைக்காக இந்தக் கார்டைட்டைச் செய்யும் ஆலை 1903இல் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில், அருவங்காட்டில் நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீர்மின்சாரம் அதை இயக்கியது. ஆலை இன்றும் அங்கே இருக்கிறது.

கண்காட்சியும் கைவரிசையும்

மாக்சிம் கண்டுபிடிப்பாளர் மட்டுமல்ல, கெட்டிக்கார வியாபாரியும்கூட. பின்னுதை, வாயு என்று துப்பாக்கியைத் தானாக இயக்க எத்தனை வழிகள் தோன்றினவோ அத்தனைக்கும் 1883 முதல் காப்புரிமை எடுத்துப் போட்டியாளர்களின் பாதையில் வேலி போட்டார். 1884இல் தொடங்கிய கம்பெனிக்கு எஃகு ஆலை முதலாளியான ஆல்பர்ட் விக்கர்ஸைத் தலைவராக்கினார். வேல்ஸ் இளவரசர் முதல் தளபதிகள்வரை பட்டறைக்கு வந்து சுட்டுப் பார்த்தார்கள். வேடிக்கை காட்டவே இரண்டு லட்சத்துக்கு மேல் தோட்டா செலவானதாக அவர் எழுதியிருக்கிறார். தோட்டாச் செலவைக் கேட்ட டென்மார்க் அரசர், இது என் நாட்டையே திவாலாக்கிவிடும் என்று விலகிக்கொண்டதாக ஒரு கதையும் உண்டு. ஆப்பிரிக்காவுக்குள் எமின் பாஷா என்ற ஆளுநரைத் தேடிப்போன ஆய்வுப்பயணி ஸ்டான்லியின் குழுவுக்கு ஒரு துப்பாக்கியை அவர் இனாமாகவே கொடுத்தார். அந்தப் பயணச் செய்திகளை உலகமே படித்துக்கொண்டிருந்தது.

போட்டிக்கு நின்றது சுவீடனைச் சேர்ந்த தோர்ஸ்டன் நார்டன்ஃபெல்ட்டின் கம்பெனி. அதன் துப்பாக்கி பழைய பாணி. நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஆனால் அதன் விற்பனையாளர் பேசில் ஸஹாராஃப் சாதாரணமானவர் அல்ல. வியன்னாவில் ஆஸ்திரியப் பேரரசர் முன்னால் மாக்சிம் தன் துப்பாக்கியால் இலக்கில் பேரரசரின் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக் காட்டினார். இது கையால் இழைத்து இழைத்துச் செய்த அபூர்வப் பொருள், ஆலையில் நிறையச் செய்ய முடியாது என்று ஸஹாராஃப் அதிகாரிகள் காதில் ஓதினார். இந்தக் கதையைச் சொல்பவர் மாக்சிம்தான். எதிராளியைத் திட்டுவதைவிட அவர் திறமையை ரசிக்கும் தொனியே அதில் அதிகம்.

ஸஹாராஃப்பின் வழி நீர்மூழ்கி விற்பனையில் இன்னும் தெளிவாகத் தெரியும். நார்டன்ஃபெல்ட்டின் நீர்மூழ்கி ஒன்றை 1886இல் கிரீஸ் வாங்கியது. பகை நாடான துருக்கி சும்மா இருக்குமா? அது இரண்டு வாங்கியது. துருக்கியிடம் இரண்டு இருப்பதைக் கண்டு ரஷ்யாவும் ஒன்று கேட்டது. மூழ்கும்போது முன்னும் பின்னும் தள்ளாடிய அந்தக் கப்பல்கள் எதுவும் போரில் பயன்படவில்லை. ரஷ்யாவுக்குப் புறப்பட்டது வழியிலேயே தரைதட்டியது. ஆனால் ஒருவனுக்கு விற்றதே அடுத்தவனுக்கு விற்கும் காரணம் என்ற சூத்திரம் ஆயுதச் சந்தையில் நிலைத்துவிட்டது.

இரண்டு கம்பெனிகளும் சண்டை போடுவதைவிடச் சேர்வது லாபம் என்று கண்டு 1888இல் இணைந்தன. 1897இல் மொத்தத்தையும் விக்கர்ஸ் வாங்கியது. ஜெர்மனியில் லூட்விக் லோவே கம்பெனி உரிமம் பெற்றுச் செய்தது.

வாங்கியவர்கள்

ஆள் குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த இடத்தில் இந்தச் சரக்கு முதலில் பலித்தது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் வடக்கே மட்டபெலே நாட்டுக்குள் புகுந்தது ஓர் அரசின் படைகூட அல்ல. செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் படை. ஷாங்கானி ஆற்றருகே சுமார் 700 பேரும் சில மாக்சிம்களும் ஆயிரக்கணக்கான வீரர்களை முறியடித்தன. 1898இல் சூடானின் ஓம்துர்மனில் மாக்சிம்களும் பீரங்கிகளும் ரைபிள்களும் சேர்ந்து ஒரே காலைப்பொழுதில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. பிரிட்டிஷ் எகிப்தியப் படையின் உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவு. 1904 மார்ச் 31 அன்று, யங்ஹஸ்பண்டின் தலைமையில் இந்தியாவிலிருந்து போன படை, திரித் துப்பாக்கியும் வாளுமாக நின்ற திபெத்தியரைக் குரு என்ற இடத்தில் சுட்டது. சில நிமிடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

விற்பனைக் கணக்கு இங்கெல்லாம் பிசகவில்லை. உண்மையாகவே சிலர் பலரின் வேலையைச் செய்தார்கள். ஆனால் இருதரப்பிடமும் அதே இயந்திரம் இருந்தால் என்ன ஆகும்? 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போர் விடை சொன்னது: ரஷ்யரிடம் மாக்சிம், ஜப்பானியரிடம் ஹாட்ச்கிஸ், திறந்த வெளியில் முன்னேறியவர்கள் கும்பல் கும்பலாகச் சரிந்தார்கள். ஐரோப்பிய நாடுகளின் பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார்கள். ஆனாலும் 1914இல் பிரிட்டிஷ் பட்டாலியன் ஒன்றுக்கு இரண்டே துப்பாக்கிகள்தான். ஜெர்மானியரிடமும் எண்ணிக்கை விகிதம் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் அவர்கள் ரெஜிமென்ட்டின் ஆறு துப்பாக்கிகளையும் தனிக் கம்பெனியாகத் திரட்டி, வேண்டிய இடத்தில் ஒன்றாகக் குவித்தார்கள்.

1914இல் மூண்ட முதல் உலகப் போரில் பிரிட்டன் சுட்டது விக்கர்ஸால், ஜெர்மனி சுட்டது எம்.ஜி. 08ஆல், ரஷ்யா சுட்டது 1910 மாதிரி மாக்சிமால். மூன்றும் ஹேட்டன் கார்டன் பட்டறையின் வாரிசுகள். 1916 ஜூலை 1 அன்று, சோம் போர்க்களத்தின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைச் சாய்த்தவை ஜெர்மானிய மாக்சிம்கள். சோம் சண்டை ஓய்ந்த சில நாட்களில், நவம்பர் 24 அன்று, சர் பட்டம் பெற்றிருந்த ஹிரம் மாக்சிம் லண்டனில் காலமானார். சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகியிருந்தது. மூச்சுக்குழல் அழற்சிக்காக மூலிகை ஆவியை இழுக்கும் ஒரு கருவியை அவர் செய்தபோது நண்பர்கள் இது போலி வைத்தியம், உன் பெயர் கெடும் என்றார்களாம். கொல்லும் கருவி செய்தபோது வராத பெயர்க்கேடு இதற்கு வந்துவிட்டதே என்று அவர் அங்கலாய்த்திருக்கிறார்.

இனி கேட்லிங்கின் கணக்கைச் சரிபார்க்கலாம். நூறு பேர் வேலையை ஒருவர் செய்தால் படை சிறுக்கும் என்றார். முதல் உலகப் போரில் உலகெங்கும் திரட்டப்பட்டவர்கள் ஆறரைக் கோடி அளவில் இருந்தார்கள். எதிரியிடமும் அதே இயந்திரம் இருக்கும்போது மிச்சமாகும் ஆட்கள் வீட்டுக்குப் போவதில்லை; அடுத்த துப்பாக்கிக்கும் அதற்கு எதிரேயுள்ள அகழிக்கும்தான் போகிறார்கள். ஆள் மிச்சம் என்ற வாதம் ஒருதரப்பிடம் மட்டும் இயந்திரம் இருக்கும்வரைதான் செல்லும். எல்லோருக்கும் விற்பதைத் தொழிலாகக் கொண்ட வியாபாரி அந்த நிபந்தனையைத் தானே உடைத்துவிடுகிறான்.

அவர் கணக்கின் மறுபாதி, அதாவது நோயால் சாகும் சிப்பாய்கள் குறைவார்கள் என்பது, மேற்குப் போர்முனையில் ஓரளவு நிறைவேறியது. அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த சுமார் 22,000 பிரிட்டிஷ் வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் போனார்கள். 1914க்குப் பிறகு அந்த விகிதம் தலைகீழானது. குளோரின் கலந்த குடிநீரும் சுகாதார விதிகளும், ஆல்ம்ரோத் ரைட் 1890களில் உருவாக்கி இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களிடமும் சோதித்த டைபாய்டு தடுப்பூசியும் அதைச் சாதித்தன. அந்த ஊசியை ஏற்கவும் இராணுவம் பல ஆண்டு தயங்கியது. போயர் போரில் பெரும்பாலான வீரர்கள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கேட்லிங் ரயிலில் கண்ட பிணங்களைக் குறைக்கும் வழி அவர் படித்துவிட்டு ஒதுக்கிய மருத்துவத்தில்தான் இருந்தது.